ஏழாவது பெயர்

ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. "பேரைக் கொடுத்தது புரட்சி. ஊரை விட்டுக் கிளப்பினது மெஷின். கிளம்பினவனைத் தேடிப் பிடிச்சு லிஸ்ட்ல எழுதினது தேசம்." பாடப் புத்தகத்தில் இது கிடையாது. பதினெட்டு வருஷம் கள்ளக்குறிச்சியில் சமூக அறிவியல் நடத்தியதில் நானாகச் செய்துகொண்டது.

ராஜாவுக்கு ஆளின் பெயர் தேவைப்படவில்லை. இந்த ஊர் இத்தனை மூட்டை நெல், அவ்வளவுதான். பிரான்சில் ராஜாவின் தலை போன பிறகு எல்லோரும் குடிமக்கள் ஆனார்கள். குடிமகன் என்றால் ஓட்டு உண்டு, வரி உண்டு, பட்டாளத்துக்கும் போக வேண்டும். மூன்றுக்கும் பெயர் வேண்டும். இங்கிலாந்தில் பஞ்சாலை வந்து கிராமம் கிராமமாக ஜனங்கள் நகரத்துக்குப் போனபோது, முகத்தைப் பார்த்து 'இவன் இன்னார் மகன்' என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. முகம் செய்த வேலையைக் காகிதம் செய்ய ஆரம்பித்தது. இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தால், "மிஸ், இது எத்தினி மார்க்?" என்று கேட்பார்கள். ஐந்து மார்க் என்பேன்.

போன நவம்பரில் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை எனக்கே வந்தது. வாக்காளர் பட்டியல் திருத்தம். கருணாபுரமும் அதை ஒட்டிய நாலு தெருக்களும் என் பாகம், தொள்ளாயிரத்துச் சொச்சம் பெயர்கள். வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கி, போனில் ஏற்ற வேண்டும். படிவம் திரும்பி வராத பெயருக்கு ஆப்பில் நாலு கட்டங்கள்: இறந்தவர், நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர், கண்டறிய இயலாதவர், வேறிடத்தில் பதிவானவர். நாலில் எதைத் தொட்டாலும் பெயர் போய்விடும்.

என் பாகத்தில் என் வீடும் இருந்தது. அதில் மூன்று பெயர்கள். என் மாமியார் ஜெயம்மாள், நான், என் கணவர் தங்கதுரை.

அவர் சர்க்கரை ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தார். அங்கே ஆள் குறைத்தபோது ஓசூரில் வண்டி பாகம் செய்கிற கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் போனார். முதல் வருஷம் மாதம் ஒரு தடவையாவது பேசினார். பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரலில் வேறொருத்தி பேசினாள். நானும் அத்தையும் ஓசூருக்குப் போய் கேட்டில் நின்றோம். கான்ட்ராக்டர் மாறிவிட்டார், ஆள் எங்கே போனார் என்று தெரியாது என்றார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தோம். மூன்று வருஷம் ஆகிறது. முதல் ஆறு மாதம் அழுதேன். அதன் பிறகு, பல் பிடுங்க ஊசி போட்ட உதடு மாதிரி ஆகிவிட்டேன். இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அத்தைக்கு அப்படி இல்லை. மகனுடைய படிவத்தை வாங்கி, அம்மா என்ற முறையில் கைநாட்டு வைத்து என்னிடம் நீட்டினார்.

"ஏத்திடு. எம்மா, நீதான ஆபீசரு."

"ஆளு இங்க இருக்காருன்னு நான் எப்படி அத்தே எழுதுறது? பொய்யில்ல?"

"ரேசன் கார்டுல விரல் வைக்க ஆளில்லன்னு பேர எடுத்துட்டாங்க. இதுலயும் போச்சின்னா அப்புறம் அவன் எதுலதான் இருப்பான்?"

அத்தை கரியாலூர்ப் பக்கத்து மலைக்காரர். கல்வராயன் மலை எழுபத்தாறு வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சுதந்திரம் எப்போது வந்தது என்று கேட்டால், "எழுவத்தாறுல" என்பார். "நாப்பத்தேழு அத்தே" என்று திருத்துவேன். "அது உங்களுக்கு" என்பார். பெயர் பட்டியலில் இல்லாமல் செத்துப்போன அப்பாவும் பாட்டனும் அவருக்கு உண்டு. அதனால் பட்டியல் அவருக்கு விளையாட்டில்லை. நான் அந்தப் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டேன், ஏற்றவில்லை. கடைசி நாள் வியாழக்கிழமை.

புதன்கிழமை காலை கருணாபுரத்தில் ஆயம்மாள் வீட்டில் உட்கார்ந்தேன். சித்தாள் வேலைக்குப் போகிறவள். இருபத்து நாலாம் வருஷம் ஜூனில், தெருவில் பல பேரைக் கொன்ற அந்த விஷச் சாராயத்தில் புருஷனைக் கொடுத்தவள். படிவத்தில் 'துணைவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, பக்கத்தில் 'பொருந்தினால்' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அங்கே வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"இதுல இன்னா எழுதறதுங்க?"

"பொருந்தலன்னா வுட்டுடலாம்மா." அந்தத் தெருவில் எத்தனையோ பேருக்கு இதைத்தான் சொல்லியிருந்தேன்.

"இல்லீங்க, எழுதுங்க. குடிச்சான், அடிச்சான், செத்தான். ஆனா எனக்குத்தான புருசன்."

எழுதினேன். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் உண்மை. அவளிடம் இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. தேதி இருக்கிறது. அழுது முடித்துவிட்டாள்.

மதிய இடைவேளையில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி டிபன் டப்பாவைத் திறந்தேன். வாட்ஸ்அப்பில் மேற்பார்வையாளர் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். இரண்டு இடத்தில் பதிவிருக்கலாம் என்று சந்தேகப்படுகிற பெயர்கள். என் பாகத்துக்கு ஒன்பது. சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். ஏழாவது பெயர்: தங்கதுரை, தந்தை பெயர் வேடியப்பன், வயது நாற்பத்தொன்று. ஓசூரில் ஒரு பாகத்தின் எண். அங்கே படிவம் பெறப்பட்டது, வாக்காளர் கையொப்பம் உள்ளது என்று எழுதியிருந்தது. போட்டோவும் இருந்தது. மீசையை எடுத்திருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

போலீஸ் கண்டுபிடிக்கவில்லை. கம்பெனி கண்டுபிடிக்கவில்லை. நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள் கேட்டில் நின்று கண்டுபிடிக்கவில்லை. பட்டியல் கண்டுபிடித்துவிட்டது.

எந்தப் பாகத்தின் வாக்காளர் பட்டியலையும் யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். ஓசூரின் அந்தப் பாகத்தைத் திறந்து, அவருடைய கதவு எண்ணைத் தேடினேன். ஒரே கதவு எண்ணில் இரண்டு பெயர்கள். இரண்டாவது பெயர் இசைவாணி. வயது இருபத்தொன்பது. கணவர் பெயர், தங்கதுரை.

எலுமிச்சை சோறு பாக்கி இருந்தது. சாப்பிட்டேன். ஐந்தாம் பீரியட் மணி அடித்ததும் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். அன்றைக்குத் தொழிற்புரட்சி. பஞ்சாலையைச் சொன்னேன், நீராவி எஞ்சினைச் சொன்னேன், கிராமம் காலியானதைச் சொன்னேன். நன்றாகவே நடத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். போன ஆம்பளைகள் வீட்டுக்கு என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று மட்டும் அந்தப் பாடத்தில் இல்லை. பதினெட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமில் ஆப்பைத் திறந்து அவர் பெயருக்கு எதிரே 'வேறிடத்தில் பதிவானவர்' என்ற நாலாவது கட்டத்தைத் தொட்டேன். 'உறுதியாகவா?' என்று கேட்டது. ஆம் என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அத்தே, அவரு இருக்காரு. ஓசூர்லதான்."

கீரை கையிலேயே நின்றது. "உசுரோடயா?"

"ஆமா. லிஸ்ட்ல வந்திருக்கு. அங்கயே கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காரு."

"வேடியப்பா, எஞ்சாமி." செத்துப்போன புருஷனைக் கூப்பிட்டாரா, மலைமேல் இருக்கிற சாமியைக் கூப்பிட்டாரா, தெரியாது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். முகமெல்லாம் கண்ணீர். அந்தச் சந்தோஷத்தில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெற்றவள்.

பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அழாமல் நிற்பதைப் பார்த்தார். பட்டியல் என்றால் என்னவென்று தெரிந்தவர் அவர்.

"அந்த வூட்ல எத்தினி பேரு இருக்குது?"

"ரெண்டு."

கீரையை ஆய்ந்து முடித்தார், கழுவினார், அடுப்பில் வைத்தார். அதற்குள் நான் என் படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் நிரப்பிக் கொடுத்து என்னுடையதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். பிறந்த தேதி எழுதினேன். அப்பா பெயர், அம்மா பெயர் எழுதினேன். துணைவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. ஆயம்மாள் மாதிரி 'எனக்குத்தான புருசன்' என்று சொல்ல எனக்கு வழியில்லை. அதை இசைவாணியும் சொல்லலாம்.

அத்தை கரண்டியோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். படிக்கத் தெரியாது. ஆனால் மூன்று வாரமாக நான் வீட்டில் வைத்து நிரப்பியதையெல்லாம் பார்த்து எந்தக் கட்டம் எது என்று தெரிந்துவைத்திருந்தார்.

"வுட்டுடு" என்றார். "பொருந்தலன்னா வுட்டுடலாம்னு நீதான ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருந்த."

விட்டுவிட்டேன்.

"என்னுது எங்க? அதையும் முடிச்சிடு. என் பாரத்துலல்லாம் அவன்தான் கையெழுத்து போடுவான். இந்தவாட்டி நீ போடு."

"நீங்களே கைநாட்டு வைக்கலாம் அத்தே."

"போடு."

கையெழுத்துக்குக் கீழே வாக்காளருக்கு என்ன உறவு என்று எழுத வேண்டும். 'மருமகள்' என்று எழுதினேன்.

இரண்டு படிவங்களையும் போனில் படம் எடுத்து ஏற்றினேன். ஒன்றில் எனக்குக் கணவர் இல்லை, இன்னொன்றில் எனக்கு மாமியார் இருந்தார். ஆப் இரண்டுக்கும் பச்சை டிக் போட்டு ஏற்றுக்கொண்டது. அத்தை தட்டில் சோறு போட்டு, சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னார்.