வாங்க மறுத்தார்

வக்கீலம்மா அந்த நகலை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஒட்டுப் பிரிக்காத உறை ஒன்றின் நகல். எங்கள் விலாசத்துக்குக் கீழே தபால்காரரின் சாய்ந்த எழுத்தில் 'வாங்க மறுத்தார்' என்று இருந்தது. அதே போல இன்னும் இரண்டு. கடன் கொடுத்த கம்பெனி நீதிமன்றத்தில் தாக்கல் செய்திருந்த கோப்பிலிருந்து எடுத்து வந்திருந்தார். ஏழைபாழைகளுக்குக் காசு வாங்காமல் வழக்குப் பார்க்கும் அறை அது. மின்விசிறி மட்டும் நன்றாகச் சத்தம் போட்டது.

"மூணு தடவை அனுப்பியிருக்காங்க ஐயா. ஏன் வாங்கல?"

என் வீட்டுக்காரர் மேசைவிரிப்பின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். முப்பது வருஷத் தையல்காரர். எங்கே போனாலும் ஓரம் பிரிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

"கையெழுத்து கேட்டாங்கம்மா" என்றார்.

வக்கீலம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான்தான் சொன்னேன்.

இரண்டு மிஷின் வாங்க வீட்டை அடமானம் வைத்த அன்று, கம்பெனியில் எங்களைக் குளுகுளு அறையில் உட்கார வைத்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய அதிகாரி வாய்க்கு வாய் சார் போட்டார். வாடிக்கையாளர்கள் 'யோவ் டெய்லர்' என்று கூப்பிட்டே பழகிய மனிதருக்கு அதிலேயே பாதி மயக்கம். பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவைத்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். சாக்கட்டிக் கோட்டின் மேலேயே தைத்துப் பழகிய கை, குறி இருந்தால் தானாகப் போய்விடும். நாற்பத்தொரு கையெழுத்து. நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். படித்தேனா என்றால் இல்லை. திட்டுவதானால் என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும்.

ஒரு வருஷத்தில் தவணை ஒன்றரை மடங்கானது. கேட்கப் போனோம். அதே அதிகாரி காகிதத்தை இப்படித்தான் திருப்பி வைத்தார். "உங்க கையெழுத்துதானே சார்?" நாங்கள் கேட்காத காப்பீடு ஒன்று, அவர்கள் இஷ்டத்துக்கு வட்டியை ஏற்றிக்கொள்ளச் சம்மதம் ஒன்று. எல்லாவற்றிலும் இவருடைய கையெழுத்து அச்சுப் பிசகாமல் இருந்தது.

"இனிமே செத்தாலும் எவன் காகிதத்திலயும் கையெழுத்து போட மாட்டேன்" என்று அன்றைக்குச் சபதம் செய்தார். கையெழுத்துக் கேட்டதற்காக, மருமகன் எனக்கு அனுப்பிய புடவைப் பார்சலைக்கூடத் திருப்பி அனுப்பினார். ஆறு மாதத் தவணை நின்றுபோன பிறகு இந்த உறைகள் வந்தன. தபால்காரர் கெஞ்சினார். "அண்ணே, சும்மா வாங்கி வைங்கண்ணே. பிரிக்காட்டியும் பரவாயில்ல." இவர் மிஷினை நிறுத்தவே இல்லை. "நீ என்ன வேணா எழுதிக்கோ தம்பி."

கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவனிடம் முடியாது என்று சொல்கிறாரே என்று பூரித்துப் போனேன்.

வக்கீலம்மா உறைக்குள் இருந்த காகிதத்தின் நகலை எடுத்தார்.

"வாங்க மாட்டேன்னு சொன்னாலும் சட்டத்துல வாங்கின கணக்குதான்மா. இதுலயே போட்டிருக்கு பாருங்க. அறுபது நாள் டைம். அதுக்குள்ள ஆட்சேபணை எழுதிக் கொடுத்திருந்தா அவங்க பதில் சொல்லியே ஆகணும். கேட்காத காப்பீட்டைக் கழிக்க வெச்சிருக்கலாம், வட்டியையும் கேள்வி கேட்டிருக்கலாம். நியாயம் உங்க பக்கம்தான் இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?" என்றேன்.

"வீட்டை ஏலம் விட உத்தரவு ஆயிருச்சும்மா. மேல்முறையீடு போகலாம். ஆனா பாதிப் பணத்தை முதல்லயே கட்டணும்."

"அது இருந்தா இங்க ஏன்மா வரப்போறோம்?"

அவர் கோப்பை மூடினார். பாவம், சின்னப் பெண். வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவர், "என்னைக் காப்பாத்துற காகிதத்துக்கும் கையெழுத்து வேணும்னு எனக்கு யாரு சொன்னா?" என்றார். என்னைக் கேட்டது போல இருந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

பத்தாம் நாள் காலையில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. மிஷினில் பாதி தைத்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் அளவு டேப் தொங்க, வெறுங்காலோடு ஓடினார் இவர்.

"குடு தம்பி. எங்க போடணும்?"

தபால்காரர் தயங்கினார். "அண்ணே, ஏலத் தேதி குறிச்சு வந்திருக்குண்ணே."

"எங்க போடணும்னு கேட்டேன்."

அவர் பட்டுவாடாத் தாளில் காட்டிய இடத்தில் இவர் நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோடு போட்டது போல நேராக இருந்தது. உறையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வேற எங்கயாவது போடணுமா தம்பி?"

"இல்லண்ணே. அவ்வளவுதான்."

"நல்லாப் பாரு."

தபால்காரர் பேனாவுக்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்றார். இவர் அதைக் கொடுக்காமல், அந்தத் தாளில் மிச்சம் இருந்த காலிக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.