நான் பாக்கல

கட்டிங் மாஸ்டர் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, "நான் பாக்கல, காஜா" என்றார். இருபது வருடமாகச் சட்டைகளுக்குப் பித்தான் ஓட்டை, அதாவது காஜா, எடுக்கிறவன் என்பதால் எனக்கு அதுவே பெயராகிவிட்டது. அவர் சொல்லி முடிப்பதற்குள் காலர் தைக்கிற அக்காவும் தலையைத் தூக்காமல், "நானும் பாக்கல தம்பி" என்றாள். அதற்கப்புறம் எங்கள் வரிசையில் ஒரு மெஷினும் ஓடவில்லை. என் மனைவியின் ரிப்போர்ட் வந்துவிட்டது, நல்லபடியாக வரவில்லை என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

எல்லா வீட்டுச் சுவரிலும் கேமரா வைத்து ஒன்பது வருடமாகிறது. கண் என்பது ஜனங்கள் வைத்த பெயர். யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் பார்க்கலாம்; கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, தூக்கத்தில் உளறுவது, எதற்கும் மூடி கிடையாது. பொய் சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. திருட்டு ஒழிந்தது. பெண்டாட்டியை அடிக்கிறவன் கை மடங்கியது. மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற வேலை மிச்சம். ஐந்து வருடக் குறட்டையையும் கேட்டுவிட்டுத்தான் பெண் சரியென்றாள். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். ஊருக்குக் கண் முளைத்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. பேச என்ன இருக்கிறது? பயணம் போய் வந்தவனை யாரும் என்ன சேதி என்று கேட்பதில்லை. 'உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்' என்கிற பேச்சே செத்துப்போனது. அதற்குப் பதிலாக ஒரு மரியாதை வந்தது. அடுத்தவர் தலையில் இடி விழுந்தால், எதிரே போய் நின்று 'நான் பாக்கல' என்பது. பார்த்தவன்தான் அப்படிச் சொல்லுவான். பார்க்காதவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லையே.

என் மனைவிக்கு அந்த வார்த்தை ஆகாது. ஏழு வருடத்துக்கு முன்னால் அவள் வயிற்றில் ஐந்து மாதம். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தோம். டாக்டர் கூப்பிடுவதற்கு முன்பே, மாடிப்படியில் எதிரே வந்த கீழ்வீட்டம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பாக்கலம்மா" என்று சொல்லிவிட்டாள். குழந்தை போய்விட்டது என்று இவளுக்கு அப்படித் தெரிந்தது. அன்றிலிருந்து இவள் எந்தத் திரையையும் தொடுவதில்லை. வீட்டில் உட்கார்ந்து பைகளுக்கு ஜிப் மாற்றித் தருகிறாள், அதுவும் சுவர்க் கண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இந்த நிமிடம் எத்தனை பேர் நம்மைப் பார்க்கிறார்கள் என்று கண்ணுக்குக் கீழே ஒரு எண் ஒளிரும். அதையும் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

திங்கட்கிழமை அவள் கழுத்துக் கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை ரிசல்ட் என்று அனுப்பிவைத்தார்கள். திரும்பி வரும் வழியில் அவள் சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம் எனக்குத் தெரிஞ்சாப் போதுங்க. ஆனா உங்க வாயால தெரியணும். எவளோ வந்து பாக்கலன்னு சொல்லி எனக்குத் தெரியக் கூடாது. செய்வீங்களா?"

செய்கிறேன் என்றேன். எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை அவள்.

மெஷின் பக்கத்திலேயே நின்று போனைத் திறந்து படித்தேன். நாலு வரி. கெட்ட கட்டிதான், பரவவும் செய்திருந்தது. எனக்கு முன்னால் இருநூற்றுப் பதினேழு பேர் படித்திருந்தார்கள். தாலி கட்டின நான் இருநூற்றுப் பதினெட்டாவது ஆள்.

"கெளம்பு. யாராவது மேல ஏறிப் போறதுக்குள்ள ஓடு" என்றார் மாஸ்டர்.

பஸ்ஸில் ஏறியதும் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "நான் பாக்கலைங்க" என்றார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனசுக்குள் தைத்துப் பார்த்தேன். ரிசல்ட் வந்துருக்கு. நல்லதா இல்ல. நான் கூடவே இருக்கேன். 'நல்லதா இல்ல' மட்டும் கோணிக்கொண்டே போனது. ஏழெட்டு முறை பிரித்து மறுபடியும் தைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அவள் போய்விடுவாளே என்பதைவிட, யாராவது முந்திக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார்களோ என்றுதான் அதிகப் பயம். வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

கீழ்வீட்டம்மா மாடிப்படியின் முதல் படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். முட்டிவலிக்காரி, கீழே உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். மடியில் மூன்று பைகள், ஜிப் மாற்ற வந்தவர்களிடம் வாங்கி வைத்துக்கொண்டவை.

"ஒரு ஈ காக்காவ மேல விடல" என்றாள். "அன்னைக்கு நான் பண்ணுன பாவம் போதும். போ தம்பி, நீயே போய்ச் சொல்லு."

என்னிடம்கூட அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஏழு வருடமாக அவள்மேல் வைத்திருந்த கோபம் அந்தப் படியிலேயே இறங்கிவிட்டது. அவளைத் தாண்டி மேலே ஓடினேன்.

இவள் ஒரு பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் மாற்றி முடித்து, ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் சுவரில் 611 என்று ஒளிர்ந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஊரில் ஒன்றும் தெரியாத முகத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

"என்னங்க, இவ்ளோ சீக்கிரம்? கரண்ட் போயிருச்சா?"

நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"நான் பாக்கல" என்றேன்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். உடைத்தவன் நான். இடி விழுந்தவர் எதிரே போய் நின்றால் என் நாக்குக்கு வேறு எதுவும் தெரியவில்லை. ஒன்பது வருடத்தில் அதற்கு அந்த ஒன்றைத்தான் பழக்கியிருக்கிறேன். மாஸ்டரும், காலர் அக்காவும், முட்டிவலியோடு படியில் உட்கார்ந்திருந்தவளும் கட்டிக்காத்துக் கொடுத்ததை நான் ஒரு நொடியில் கெடுத்தேன். செருப்பைக் கழற்றி என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜிப் பாதியில் நின்றது. அவள் அழவில்லை. பையைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தபடியே திரும்பி, ஏழு வருடத்தில் முதல் முறையாக அந்த எண்ணைப் பார்த்தாள். "அறுநூத்திப் பதினொண்ணு" என்று மெதுவாக வாசித்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "குழாயத் திறங்க" என்றாள்.

கண் வந்த புதிதில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். தண்ணீரைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வோம். சுவருக்கும் காது உண்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தக் காதைத் தீட்டிக் கூர்மையாக்கி ரொம்ப நாளாகிறது. இப்போது அருவிக்கடியில் நின்று முணுமுணுத்தாலும் கேட்கும். குழாயைத் திறந்தால், ஏதோ இருக்கிறது என்று கூட்டம்தான் கூடும். அது அவளுக்கும் தெரியும். மூலையில் இருந்த குழாயைத் திறந்து வாளியை நகர்த்தி வைத்தேன்.

என் கையைப் பிடித்து எதிரே உட்கார வைத்தாள்.

"எல்லாரும் பாத்தாச்சு. நீங்களும் பாத்தாச்சு. நான் மட்டுந்தான் நெஜமாவே பாக்கல" என்றாள். "இப்பச் சொல்லுங்க."

740. அவள் தலைக்கு மேலே எண் ஏறிக்கொண்டிருந்தது. 902. "ரிசல்ட்..." என்று ஆரம்பித்தேன். வாளி நிரம்பிச் சத்தம் மாறியது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி இறங்கி, தரையில் கிடந்த ஜிப் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு அவள் காலை நோக்கி வந்தது. அவள் காலை எடுக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.