உடும்பின் கடைசி விரல்

1

இந்தக் கதை குளியலறையில் பிறந்தது. என் மகள் ஆசைப்பட்டு வாங்கி, விடுதிக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்ட பல்லிக்குத் தோல் உரியும் காலம். விரலில் பழைய தோல் வளையமாகச் சிக்கிக்கொண்டால் ரத்தம் ஓடாமல் விரலே விழுந்துவிடுமாம். ஒன்றரை மணி நேரம் ஈரத்துணியோடு குந்தியிருந்தேன். இரண்டு முறை கடித்தது. அந்த எரிச்சலை யார் தலையிலாவது இறக்க வேண்டாமா? ஒல்லாந்தர் காலத்துப் பழவேற்காட்டில் ஒருத்தியைப் பிடித்தேன்.

2

'கோட்டையின் பீரங்கிகள் ஏரியைப் பார்த்து மௌனமாக –'

(வேண்டாம். பீரங்கி மௌனமாக இருந்தால் என்ன, இருமினால் என்ன?)

'இருசம்மாள் தன் உடும்பை மடியில் மல்லாத்திப் போட்டாள்.'

இது தேவலை. இருசம்மாள் மீனவப் பெண், பிள்ளையில்லாதவள் –

(இல்லை. அப்படி எழுதினால் உடனே எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டுவீர்கள். அவளுக்கு நான்கு பிள்ளைகள். உடும்பையும் பிடிக்கும், அவ்வளவுதான்.)

3

முள் குத்தினாலும் சிப்பி கிழித்தாலும் ஏரியில் முக்கி எடுப்பதுதான் அவர்கள் குப்பத்து வைத்தியம். தோல் உரியாமல் உடும்பு தவித்தபோது அவளும் அதையே செய்தாள். மூன்று நாள் ஏரியின் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். உப்பேறித் தோல் கருவாடாக இறுகியது. முன்னங்காலின் கடைசி விரலை வளையம் நெரித்து, விரல் வீங்கிவிட்டது.

இனி நல்ல தண்ணீர்தான் வழி. சித்திரை மாதம். மணல் ஊற்றில் நாளுக்கு ஒரு குடம் ஊறினால் அதிகம்.

"குடிக்கவே தண்ணியக் காணோம், உடும்புக்கு இன்னாமே குளியல்?" என்று கத்தினான் அவள் புருஷன் சம்பந்தம்.

"ஒரு வேள குடிக்கலன்னா செத்தா பூடுவ?"

(கதையும் தோல் உரிக்கிறது என்று எழுதுவேன் என எதிர்பார்த்தீர்களா? மாட்டேன்.)

4

கோட்டைச் சேவகன் தருமலிங்கம் வந்து நின்றான்.*

"நாளைக்குக் கப்பல் கெளம்புது. தொரை அவரு ஊருக்கு அனுப்ப உன் உடும்பக் கேட்டாரு. வெரலெல்லாம் முழுசா கீதான்னு பாத்துட்டுத்தான் எடுப்பாராம். மூளியானது வாணாம்னு சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஈரத்துணியோடு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

*துரை யாரும் உடும்பு கேட்டதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கதை நகரவில்லை, கப்பலை வரவழைத்தேன்.

5

முடிவு ஒன்று: தேய்க்கிறாள். வளையம் கழல்கிறது, விரல் பிழைக்கிறது. உடும்பு பெட்டிக்குள் போகிறது. நடுக்கடலில் அது –

(எழுத மாட்டேன்.)

முடிவு இரண்டு: துணியைக் கீழே வைக்கிறாள். விரல் கறுத்து விழுகிறது. உடும்பு அவளிடமே இருக்கிறது. சுவரேறும் போதெல்லாம் ஒரு பக்கம் சறுக்குகிறது. அவள் அதைத் தினமும் பார்க்கிறாள்.

இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. இதற்குள் நான் கூப்பிடாமலே சம்பந்தம் ஒரு சொம்போடு வந்துவிட்டான்.

"இந்தா, என் பங்குத் தண்ணி. ஊத்துறியோ, உட்டுடுறியோ, நீயே பாத்துக்க."

6

சொம்பு அவள் பக்கத்தில் இருக்கிறது. வீங்கிய விரலையும் சேர்த்து உடும்பு அவள் சேலையைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், என்னை அல்ல. உப்புத் தண்ணீரை எழுதியவன் நான், கப்பலை வரவழைத்தவனும் நான். என்னிடம் அவள் எதையும் கேட்கமாட்டாள்.

உங்களைத்தான் பார்க்கிறாள். சீக்கிரம் சொல்லுங்கள், விரல் கறுக்கத் தொடங்கிவிட்டது.