மொத்தம் எத்தனை பேர்

முழங்கால் இரண்டும் போயே போய்விட்டன. பதினெட்டு நாளாக மாடி ஏறி இறங்கினால் எந்தக் கால்தான் தாங்கும்? பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தால் போதும், வேலையை ஆசிரியர்கள் தலையில் கட்டிவிடுவார்கள். ஒரு பை, நூற்று அறுபது படிவம், கழுத்தில் ஓர் அட்டை. சோப்பு விற்க வந்தவள் என்று நினைத்து ஒருவர் கதவைச் சாத்துகிறார். இன்னொருவர், "எத்தனை பேர் இருக்கோம்னு தெரிஞ்சு என்ன கிழிக்கப் போறாங்க?" என்று என்னைக் கேட்கிறார். எனக்கென்ன தெரியும்? நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இவர்களுக்காகவே ஒரு வசனம் வைத்திருந்தேன். மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். "பதில் சொல்லலேன்னா உங்களுக்கு அபராதம். நீங்க சொன்னத நான் வெளியில சொன்னா எனக்கு ஜெயில். சீக்கிரம் சொல்லுங்க, கால் வலிக்குது."

கடைசி நாள், ஊரின் மறுகோடி, கடைசிக் கட்டடம். மூன்றாவது மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒற்றை அறை. கதவு ஒரு சாண் திறந்ததும் படிவத்தைப் பார்த்தபடியே வசனத்தை ஒப்பித்தேன். கால் வலிக்குது என்று முடித்துத் தலையைத் தூக்கினால், எதிரே அண்ணி.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டை விட்டுப் போன அண்ணி. அண்ணன் தேடாத இடமில்லை. அவள் தங்கை வீட்டு வாசலில் போய்க் கத்தி, போலீஸ் வந்து அவனை இழுத்துக்கொண்டு போகும்படி ஆனது.

"நீங்களா டீச்சர்?" வீட்டிலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு. தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தை, அத்தை என்று ஓடி வரவில்லை. எழுந்து கட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

"எழுதித்தான் ஆகணும் அண்ணி" என்றேன்.

"எழுதுங்க. பொய் சொல்ற தெம்பெல்லாம் எனக்கு இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பேப்பர் சாயங்காலம் எங்க இருக்கும்?"

அவளுக்குத் தெரியாததா? பரீட்சை மதிப்பெண்ணோ, வருகைப் பதிவோ, எல்லாவற்றையும் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் பரப்புவேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பான். நான் கூட்டி எழுதுவேன். இந்தப் பதினேழு நாளும் அப்படித்தான் நடந்தது. யார் வீட்டில் யாருக்கு யார் என்ன உறவு என்று படித்துப் படித்துச் சிரித்தான். நானும்தான் சிரித்தேன். ஜெயில் ஜெயில் என்று தெருத் தெருவாகச் சொல்லித் திரிந்தவள், சீ, வெட்கமாக இருந்தது.

"இது அங்க வராது" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். இடது கையால் தாளை அழுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மோதிர விரல் வளைந்தே இருந்தது. அண்ணன் கதவைச் சாத்தியதில் நசுங்கிய விரல்.

"அன்னைக்கு நீங்க பக்கத்து ரூம்ல பேப்பர் திருத்திட்டு இருந்தீங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

படி இறங்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. எங்கள் வீட்டுப் படிவம்! முதல் நாளே எழுதி அண்ணனிடம் கையெழுத்து வாங்கி வைத்தது. அண்ணன், அவன் மனைவி, மகள், நான், மொத்தம் நாலு. ஆறு மாதமாக வீட்டில் வசிப்பவர்களை மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. "வந்துடுவா, நீ எழுது" என்றான் அண்ணன். பாவமாக இருந்தது, எழுதிவிட்டேன். இப்போது அதே இரண்டு பேர் இரண்டு வீட்டில். சரிபார்ப்பில் சிக்கினால் இரண்டு வீட்டுக்கும் ஆள் அனுப்புவார்கள். வருகிறவன் வாய் தவறி அந்த விலாசத்தை அண்ணனிடம் சொன்னால்?

நேராக அலுவலகம் போனேன். படிவக் கட்டை அங்கேயே உட்கார்ந்து தனியாகக் கூட்டி ஒப்படைத்தேன். எங்கள் வீட்டுப் படிவத்தை மட்டும் திருத்திக் காலையில் தருகிறேன் என்றேன்.

"மொதல்ல கையெழுத்துப் போட்டவர்தான் திருத்தத்துக்கும் போடணும்" என்றார் மேற்பார்வையாளர், கொட்டாவி விட்டபடி.

வீட்டில் அண்ணன் மேஜையைத் துடைத்து, கண்ணாடியும் கையுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"வா டீச்சரம்மா. எடு கட்ட, முடிச்சிரலாம்."

"கொடுத்துட்டேன்."

"நான் இல்லாமயா? கூட்டல் கோவிந்தாதான் போ."

எங்கள் வீட்டுப் படிவத்தை அவன் முன் வைத்தேன். "இதுல ரெண்டு பேர அடிக்கணும். எட்டு மாசமா அவங்க இங்க இல்ல. நான் எழுதினதே தப்பு."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். "பதினேழு நாளா இல்லாத சட்டம் இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு?"

பேனாவை அவன் பக்கம் நகர்த்தினேன். சட்டென்று அதை எடுத்து இரண்டு பெயரையும் அவனே அடித்தான். பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். படிவத்தை என் பக்கம் தள்ளினான்.

"போட்டாச்சு. இப்ப சொல்லு. எங்க இருக்கா?"

"யாரப் பத்தியும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"நான் உன் அண்ணன்டி!"

"தெரியும். அன்னைக்கு அவ விரல் நசுங்கிக் கத்தினப்ப வாயத் திறக்காம உட்கார்ந்திருந்தேனே, அது உனக்காகத்தான். எனக்கு வாய மூடிக்கத் தெரியும் அண்ணா. உனக்கு அது நல்லாவே தெரியும்."

என் பையைப் பிடுங்கி மேஜையில் கவிழ்த்தான். சாக்பீஸ், சீப்பு, தண்ணீர் பாட்டில், வலித் தைலம். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவன் அண்ணியைப் பார்க்கும்போது மட்டும்தான் நான் கண்டிருக்கிறேன்.

மொத்தம் என்ற கட்டத்தில் நாலை அடித்து இரண்டு என்று எழுதினேன். படிவத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்த் தாழ் போட்டேன். துருப்பிடித்துப் போயிருந்த தாழ், லேசில் நகரவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை.