நாலாவது பாட்டு

அழகுமலைக்குப் பாட்டெழுதத் தெரியும்; வாயை மூடத்தான் தெரியாது. துபாயில், அல் குசைஸ் லேபர் கேம்ப் ரூமில், ரூம்மேட் நிதின் கிடார் வாசிக்க, பெயிண்ட் வாளியே டிரம்ஸாக, ரெக்கார்டிங்கில் சத்தம் விழாமலிருக்க ஏசியை அணைத்து வேர்த்து வழியப் பாடி, தன் ஊரைப் பற்றியே ஒரு ராக் ஆல்பம் செய்து இணையத்தில் போட்டிருந்தான். பொய்த்த மழை, நின்றுபோன டவுன் பஸ், பூட்டிய ரைஸ்மில் பற்றியெல்லாம் பாடியதில் யாருக்கும் வருத்தமில்லை. நாலாவது பாட்டில்தான் வினை. ஆற்று மணலை அள்ளுகிறவரைப் பேர் சொல்லித் திட்டி, 'லாரி முன்னால வந்து உக்காரு' என்று பல்லவியும் கட்டிவிட்டான். கடல் தாண்டி இருப்பவனை யார் என்ன செய்துவிட முடியும் என்ற தெம்பு.

கடல் தாண்டி அவன் மட்டும்தான் இருந்தான். மனைவி நாகவள்ளியும் மகளும் ஊரில் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். மணல்காரரின் சொந்த அக்கா மகன். பக்கத்துக் கேம்ப்தான் என்றாலும் இந்த ரூமுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"தம்பி, நாளைக்கு லீவுல ஊருக்குப் போறேன். வீட்டுக்கு ஏதும் பார்சல் இருந்தாக் குடு."

ஊருக்குப் போகிற எவனும் கேட்கிற கேள்விதான். சோப்பு, தைலம், பால்பவுடர் என்று திணித்து அனுப்புவதும் வழக்கம்தான்.

"ஒண்ணும் இல்லண்ணே."

"இல்லாட்டி என்ன, சும்மா எட்டிப் பாத்துட்டு வர்றேன். பின்கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லையாமே? மாமா சொன்னாரு." சிரித்துக்கொண்டே போனான் பாவி.

நாலாவது பாட்டை இணையத்திலிருந்து அழித்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டான் அழகுமலை.

"வள்ளி, புள்ளையக் கூட்டிக்கிட்டு ஒங்கம்மா வீட்டுக்குப் போயிரு. பாட்டை அழிச்சிட்டேன்."

"நீங்க அழிச்சா ஆச்சா? இங்க எல்லார் போன்லயும் இருக்கு." அவளுக்குப் பின்னால் ஒரே பெண்கள் குரல். "நாங்க ஆத்துக்குள்ள உக்காந்திருக்கோம். காலையிலேர்ந்து ஒரு லாரியவும் விடல."

"ஐயோ! பாப்பா?"

"மடியில."

"ஒன்னைய யாரு அங்க போகச் சொன்னா?"

"நீங்கதான். தெனமும் பாடுறீங்கல்ல?"

லாரியைக் கிளப்பும் உறுமல் கேட்டது. எந்திரிச்சு ஓடு என்று கத்தினான். அது அவள் காதில் விழவில்லை. அங்கே எல்லோரும் சேர்ந்து அவன் பல்லவியைப் பாடத் தொடங்கியிருந்தார்கள்.