கியர் ராடு நடந்த நடை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். கையில் கட்டிய கடிகாரத்தை நம்பிக் கால் ஏமாந்துபோன ஒரு மனிதரின் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். நல்ல உயரம், உயரத்துக்குத் தோதான அகலம். டெப்போவில் 'டபுள் டெக்கர்' என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். அவர் ஓட்டுகிற வண்டியில் நின்றுகொண்டே குழந்தைக்குப் பால் புட்டி கொடுக்கலாம், ஒரு சொட்டு சிந்தாது. அப்படி ஒரு கை.

டெப்போ டாக்டரம்மா எல்லா ஓட்டுநர்களையும் வருஷா வருஷம் சோதிப்பார். அந்த வருஷம் இவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தவர், மறுபடியும் அடித்துப் பார்த்தார்.

"பிரஷர் ஏறிக் கிடக்கு. மாத்திரை எழுதித் தர்றேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது, உப்பைக் குறைச்சு தினமும் நடக்கணும். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்பேன். அப்பவும் இறங்கலைன்னா உங்களை ஸ்டியரிங் முன்னாடி உக்கார விடமாட்டேன். முதுகுக்குப் பின்னாடி ஒரு பஸ் நிறைய ஜனம் இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க."

ஸ்டியரிங்கை விட்டு இறங்கினவர்களுக்கு என்ன வேலை என்று அவருக்குத் தெரியும். டெப்போ வாசலில் நாற்காலி போட்டு, போகிற வண்டியையும் வருகிற வண்டியையும் பார்த்துக்கொண்டிருப்பது. அவர் வண்டியை வேறொருவன் ஓட்டிக்கொண்டு போக, இவர் கேட்டைத் திறந்துவிட வேண்டும்.

வீட்டுக்காரம்மா ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைப்பவள். விஷயத்தைக் கேட்டாள், புலம்பவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது போன் கவர் விற்கிற கடையில் சல்லிசாக ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்து அவர் இடது கையில் கட்டினாள்.

"ஏங்க, இது நடையை எண்ணும், நெஞ்சுத் துடிப்பை எண்ணும், தூக்கத்தைக்கூட எண்ணுமாம்."

"குறட்டையை?"

"அதை எண்ண ஆரம்பிச்சா பாட்டரி தாங்காதுன்னு கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு."

வாட்சில் ஒரு பச்சை வட்டம் உண்டு. நடக்க நடக்க அது கொஞ்சம் கொஞ்சமாக நிறையும். முழு வட்டமும் நிறைந்துவிட்டால் கையில் கிர்ரென்று அதிர்ந்து, குட்டித் திரையில் வாணவேடிக்கை காட்டும். கண்ணாடிக்குள் தன் பெயரில் மத்தாப்பு கொளுத்துவதை யார்தான் ரசிக்க மாட்டார்கள், சொல்லுங்கள்?

முதல் நாளே மதியத்துக்குள் வாணவேடிக்கை! மறுநாளும் அப்படியே. டபுள் டெக்கருக்குத் தலைகால் புரியவில்லை. டீ குடிக்கிற இடத்தில் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். "நடையெல்லாம் நமக்குத் தன்னால வருதுப்பா" என்றார். சாயங்காலம் நடக்கப் போகலாம் என்று வீட்டுக்காரம்மா செருப்பை எடுத்து வைத்தால், "வட்டம் நிறைஞ்சிடுச்சே, இனிமே நடந்தா அதிகமாயிடும்" என்று சோபாவில் சாய்ந்துவிடுவார். இப்படியே இரண்டு மாசம் ஓடியது.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. அவர்கள் வீடு மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது. இரண்டாம் மாடி திருப்பத்தில் சுவரோடு மின்சார மீட்டர்கள் வரிசையாக இருக்கும். டபுள் டெக்கர் அங்கே வந்ததும் நின்று, சுவரில் கை ஊன்றி, மீட்டர்களை உற்றுப் பார்ப்பார். உண்மையில் மூச்சு வாங்குவார். அவளும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

"அந்த மீட்டரைத் தினமும் என்ன மனப்பாடமா பண்றீங்க?"

"ரெண்டாவது வீட்டுக்காரன் கரண்டை வாரி இறைக்கிறான் போல."

"வட்டம் தினமும் நிறையுது. ஆனா நீங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி காலையில உங்க கையைத் திருப்பி நெஞ்சுத் துடிப்பைப் பாக்குறேனே, அது வாங்கின அன்னைக்கு எங்க இருந்துச்சோ அங்கயேதான் குத்த வச்சு உக்காந்திருக்கு. எங்கயோ இடிக்குதுங்க."

"மலிவு வாட்சு. துடிப்பைத் தப்பா எண்ணுது" என்றார் அவர். நடையையும் அதே வாட்சுதானே எண்ணுகிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள். இனிக்கிறதை நம்பிவிட்டார், கசக்கிறதைத் தள்ளிவிட்டார்.

ஒருநாள் பாலத்துக்குக் கீழே வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் நகர வழியில்லை, பின்னாலும் இல்லை. பழைய வண்டி அது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் கியர் ராடு காய்ச்சல்காரன் பல் மாதிரி கிடுகிடுவென்று ஆடும். டபுள் டெக்கர் பழக்கப்படி இடது கையை அதன்மேல் வைத்திருந்தார். டிக்கெட் போட்டு முடித்த கண்டக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றாள். வாய்த்துடுக்கு உள்ள பெண். அவள் கண் வாட்சில் விழுந்தது. பார்த்தாள், குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"அண்ணே, பஸ் நிக்குது. நீங்க உக்காந்திருக்கீங்க. உங்க வாட்ச் மட்டும் எங்கண்ணே நடந்து போகுது?"

அவர் குனிந்தார். நடையைக் காட்டும் எண்கள் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தன. சந்தேகத்தோடு கையை ராடிலிருந்து எடுத்தார். எண் நின்றது. வைத்தார். மறுபடி ஓடியது. அந்த நேரம் பார்த்து வட்டம் நிறைந்து வாணவேடிக்கை வெடித்ததே, முன் சீட்டில் இருந்தவர்களெல்லாம் கைதட்டிவிட்டார்கள்.

"உங்களுக்குப் பதிலா கியர் ராடு உடம்பு இளைச்சிருக்கும்ணே" என்றாள் கண்டக்டரம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மா சொன்ன கெடுவில் ஒரு மாசம்தான் மிச்சம் இருந்தது. கண் முன்னால் டெப்போ கேட்டும் நாற்காலியும் வந்து நின்றன.

அன்று சாயங்காலம் இரண்டாம் மாடி திருப்பத்தில் நின்றவர், மீட்டரைப் பார்க்கவில்லை. மேலே வாசலில் நின்ற வீட்டுக்காரம்மாவைப் பார்த்தே சொல்லிவிட்டார். "மீட்டரெல்லாம் சும்மா. மூச்சு வாங்குது. ரெண்டு மாசமா நான் ஒரு அடி நடக்கல."

விவரத்தைக் கேட்டவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து முந்தானையால் துடைத்துக்கொண்டு, "சரி, போனது போச்சு. ஒரு மாசம் இருக்கில்ல? செருப்பை மாட்டுங்க" என்றாள்.

"இப்பவா? இப்பதானே ஏறி வந்தேன்."

"அதான் இறங்கத் தெம்பு இருக்குமே."

அன்று பிடித்ததுதான், கண்ணுகளா. சீட்டில் உட்காருமுன் வாட்சைக் கழற்றி அணைத்துச் சட்டைப் பையில் போட்டுவிடுவார். வண்டி கடைசி நிறுத்தத்தில் நின்றதும் கட்டிக்கொள்வார். மற்ற ஓட்டுநர்கள் கால் நீட்டி இளைப்பாறும் நேரத்தில் இவர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றுவார்.

"என்னப்பா டபுள் டெக்கர், வண்டியை எங்க தொலைச்சே?" என்று ஒருவர் கத்துவார்.

"தேடிக்கிட்டுதான் இருக்கேன். கிடைச்சா சொல்றேன்" என்று நிற்காமல் போவார்.

வட்டம் பாதிகூட நிறையவில்லை. அரை வட்டத்தோடு படுக்கப் போவது அவருக்கு அவமானமாக இருந்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகியது. ஆனாலும் விடவில்லை. மழை கொட்டிய நாளில், நிறுத்திவைத்த காலி பஸ்ஸுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்தார். கண்டக்டரம்மா பின்சீட்டில் உட்கார்ந்து, அவர் திரும்ப வேண்டிய இடம் வந்ததும் விசில் ஊதினாள். "ஸ்டாப்பிங்ல சும்மா நிக்கக் கூடாதுண்ணே, ரைட், ரைட்!"

மெள்ள மெள்ள, எந்த அவசரமும் இல்லாமல், காலைத் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. வீட்டுக்காரம்மா யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

சோதனை நாள் வந்தது. வீட்டுக்காரம்மா லீவு போட்டுக் கூடவே போனாள். டாக்டரம்மா பட்டையைச் சுற்றிப் பார்த்தார். குறைந்திருந்தது. ஆனால் சீட்டில் உட்கார வைக்கிற அளவுக்குக் கீழே வரவில்லை, விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. வாட்ச் கணக்கெல்லாம் சேருகிற அவர் போனை வாங்கிப் புரட்டினார். முதல் இரண்டு மாசமும் முழு முழுப் பச்சை வட்டங்கள்.

"மூணு மாசத்துல இவ்வளவு நடந்தும், மாத்திரை போட்டும் இவ்வளவுதான் இறங்கியிருக்கா? அப்படின்னா இது சாதாரணமா வழிக்கு வர்ற பிரஷர் இல்ல. உங்களைச் சீட்ல விட முடியாது" என்று பேனாவை எடுத்தார்.

டபுள் டெக்கர் அந்தப் பேனாவையே பார்த்தார். சொன்னால் மானம் போகும். இரண்டு மாசம் டாக்டரம்மா பேச்சைக் காற்றில் விட்டதும் வெளியே வரும். சொல்லாவிட்டால் ஸ்டியரிங் போகும், அதுவும் பொய்க் கணக்கால் போகும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், அந்தப் பச்சை வட்டமெல்லாம் கியர் ராடு நடந்தது. அதுக்கப்புறம் அரைகுறையா இருக்கு பாருங்க, அதுதான் நான் நடந்தது."

டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் பார்த்தார். வீட்டுக்காரம்மா கியர் ராடு ஆடின கதையைச் சொல்லி, போனை வாங்கி, காலைத் துடிப்பைக் காட்டும் கோட்டைத் திறந்து நீட்டினாள். இரண்டு மாசம் சமதரையாகக் கிடந்த கோடு, வட்டங்கள் அரைகுறையான அதே நாளிலிருந்து சரிந்து இறங்கியிருந்தது.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார்: "இந்த வாட்சை நம்பி நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனா எந்தப் பக்கம் போறோம்னு காட்டுது. ஒரு மாச நடைக்கே இப்படின்னா வழி இருக்கு. வெளியில போய்ச் சாய்ஞ்சு உக்காருங்க, பேசாதீங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பாக்கலாம்."

மறுபடி பார்த்தபோது பிரஷர் மயிரிழையில் எல்லைக்குள்ளே வந்தது. "ஓட்டுங்க. ஆனா மாசாமாசம் என்கிட்ட வரணும். ஒரு மாசம் ஏறினாலும் கேட்டுக்குப் போயிடணும், சரியா?"

"வர்றேன் டாக்டர். நடந்தே வர்றேன்."

வீடு திரும்பியபோது வீட்டுக்காரம்மா முன்னால் ஏறிப்போய் மூன்றாம் மாடியில் நின்று எட்டிப் பார்த்தாள். அவர் இரண்டாம் மாடி திருப்பத்துக்கு வந்தார். மீட்டர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிக்கொண்டே இருந்தார்.

"என்ன, இன்னைக்கு மீட்டர் படிக்கலையா?"

"மூச்சு வாங்குதுதான்" என்றார் அவர், அடுத்த படியில் காலை வைத்தபடி. "ஆனா நின்னு வாங்கல."

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. உங்கள் வீட்டில் எத்தனை படி இருந்தாலும் ஏறுகிற கால்களுக்குத் தெம்பு இருக்கட்டும். ஏறி வருகிறவரைப் பார்த்து வாசலில் கேலி பேச ஒருவர் என்றும் இருக்கட்டும். உங்கள் வீட்டார் அத்தனை பேர் நெஞ்சும் நிதானமாக, நெடுங்காலம் துடிக்கட்டும்.