நெட்டையருவியில் ஒரு சொல் பாக்கி

நெட்டையருவியில் குளிக்க இறங்குகிறவர்கள் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். வெறும் "போறேன்" என்றால் போவதோடு சரி, வர முடியாது. வனத்துறைப் பூங்கா வாசலில், பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது என்ற வரிக்குக் கீழே இதையும் எழுதிப் போட்டிருந்தார்கள்.

குருவம்மாள் அதைப் படித்துக் கணவரிடம் சொல்லவும் செய்தாள். சங்கிலி வார்த்தையைச் செலவழிக்காத மனுஷன். வேட்டியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தார். துண்டைக் கட்டிக்கொண்டார். "போறேன்" என்று நடந்துவிட்டார்.

கூட்டமெல்லாம் பெரிய அருவிக்குப் போய்விடுவதால் இங்கே வேறு யாரும் இல்லை. தண்ணீருக்குப் பின்னால் ஒரு பாறையில் அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒருமுறை எழுந்து வெளியே வரப் பார்த்தார். தண்ணீர் அவரை மெதுவாகத் தோளைப் பிடித்து உட்கார வைத்தது. அவரும் உட்கார்ந்துகொண்டார்.

வனத்துறை வாட்சர் ஜக்கையன் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"என்ன தாயி சொல்லிட்டுப் போனாரு?"

"போயிட்டு... இல்லண்ணே, போறேன்னுதான். போறேன்னாரா, போயிட்டுன்னாரா? போறேன்தான்."

"அப்ப 'வர்றேன்' பாக்கி நிக்குது. அவரா சொல்லணும். நீ சொல்லிக்குடுத்துச் சொன்னா செல்லாது. இருட்டுறதுக்குள்ள அருவியைச் சாத்தணும், பாத்துக்க."

"சாத்தினா?"

"அடுத்த சீசனுக்குத் திறப்போம்."

அடுத்த சீசன் வரைக்கும் ஈரத் துண்டோடு இருந்தால் மனுஷனுக்குச் சளி பிடிக்காதா? பிள்ளைகளிடம் என்னவென்று சொல்வது? குருவம்மாள் அருவி ஓரமாகப் போய் நின்று கத்தினாள்.

"என்னங்க, சாப்பிட வாங்க!"

"ம்."

"மழை வருதுங்க!"

"வரட்டும்."

மழை வந்தது. அவள் வேட்டியைச் சேலைக்குள் செருகிக்கொண்டாள்.

"கிட்டத்துல வந்துட்டாரு," என்றார் ஜக்கையன். "ஆனா அந்த 'வரட்டும்' மழைக்குப் போயிருச்சு."

"உங்க அக்கா வந்திருக்காங்க!"

"நான் இல்லைன்னு சொல்லு."

"சொல்லிராத தாயி!" என்றார் ஜக்கையன். குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் பாறையில் இருந்தவரின் கால் பக்கம் கொஞ்சம் மங்கித்தான் போனது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனுஷன் 'வர்றேன்' என்று எப்போது சொல்லியிருக்கிறார்? பந்திக்குக் கூப்பிட்டால் பேசாமல் வந்து உட்காருவார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் பேசாமல் படுத்துக்கொள்வார். மகள் கல்யாணத்தில் போட்டோவுக்குக் கூப்பிட்டபோது கையை மட்டும் ஆட்டினார். வெளிச்சம் மரத்து உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஜக்கையன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

அந்தச் சாவிச் சத்தத்தில் அவளுக்குச் சமையல்கட்டும், வாசலில் சிலிண்டரைத் தட்டுகிற சத்தமும் ஞாபகம் வந்தன. அந்தச் சத்தத்துக்கு மட்டும் இந்த மனுஷன் வாயைத் திறப்பார். தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏங்க, கேஸ்காரர் வந்திருக்காரு!"

"இந்தா வர்றேன்!"

தண்ணீர் விலகியது. சங்கிலி இறங்கி வந்து, வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் அவருடைய கால்களைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் இருந்தன.

"எங்க அவரு?" என்று கேட்டார்.

காட்டுப் பாதையில் கேஸ்காரர் தோளில் சிலிண்டரோடு ஏறி வந்துகொண்டிருந்தார். மேடு ஏறியதில் மூச்சு வாங்கியது.

"எங்க இறக்கணும்க்கா?"

"இந்தப் பாறை ஓரமா வைங்க."

"காலி சிலிண்டர்?"

"உள்ள இருக்கு, எடுத்துட்டு வர்றேன்," என்றார் சங்கிலி. ஜக்கையன் தலையாட்டி வழிவிட்டார். சங்கிலி தண்ணீருக்குப் பின்னால் போய், காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்.

"கசியுதான்னு நல்லாப் பாத்துக் குடுங்க," என்றாள் குருவம்மாள். "போன தடவை வாஷர் சரியில்ல."

கேஸ்காரர் மூடியைக் கழற்றினார். அருவியில் ஒரு கை தண்ணீர் அள்ளி சிலிண்டரின் வாயில் ஊற்றி, மூன்று பேரும் பார்க்கும்படி விலகி நின்றார். குமிழி வரவில்லை.